உடலுக்குள் போன கரி

கரியை மருந்தாக உடலுக்குள் ஏற்றுவது புது யோசனை அல்ல. 1991 செப்டம்பரில் ஆல்ப்ஸ் பனியிலிருந்து வெளிப்பட்ட ஓட்சி, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர். அவர் உடம்பில் கரித்தூளால் குத்திய பச்சைகள் 61. முழங்கால், கணுக்கால், இடுப்பு என்று பல பச்சைகள் தேய்ந்த மூட்டுகளை ஒட்டியே இருப்பதால், வலிக்குச் செய்த வைத்தியமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

குத்திய பச்சை ஏன் அழிவதில்லை? தோலில் துப்புரவு வேலை பார்க்கும் செல்கள் கரியை விழுங்கி, செரிக்க முடியாமல் அப்படியே வைத்துக்கொள்கின்றன. ஒன்று செத்தால் பக்கத்து செல் அதை வாங்கிக்கொள்கிறது. இந்தச் செல்களை நினைவில் வையுங்கள்; மறுபடி வரும்.

ஓட்சி கிடைத்த அதே ஆண்டு நவம்பரில், ஜப்பானியர் சுமியோ இஜிமா 'நேச்சர்' இதழில் நுண்ணிய கரிக் குழாய்களை அறிவித்தார். அவை கார்பன் மின்முனையில் படிந்து கிடந்தவை. ஆனால் 1952-லேயே இரண்டு சோவியத் விஞ்ஞானிகள் இத்தகைய குழாய்களைப் படமெடுத்து வெளியிட்டிருந்தார்கள். ரஷ்ய மொழியில் இருந்ததால் மேற்குலகம் கவனிக்கவில்லை. இன்னொரு வியப்பு: கீழடி அகழாய்வில் கிடைத்த பழைய பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சிலும் இதே குழாய்கள் இருப்பதாக 2020-ல் ஓர் ஆய்வு சொன்னது. அந்தக் குயவர்கள் அறியாமலே செய்த நானோ பொருள்!

மருந்தைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்க இந்தக் குழாய் உதவும் என்ற நம்பிக்கை வேகமாகப் பரவியது. 2008-ல் எடின்பரோ ஆய்வாளர்கள் எலிகளின் வயிற்றறைக்குள் அதைச் செலுத்திப் பார்த்தார்கள். நீண்ட, விறைத்த குழாய்கள் கல்நாரைப் போலவே அழற்சியை உண்டாக்கின; குட்டையானவையும் சுருண்டவையும் அப்படிச் செய்யவில்லை. துப்புரவு செல்களால் நீளமானதை முழுதாக விழுங்க முடியவில்லை; மீன்முள் தொண்டையில் சிக்கிய கதைதான். 2014-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஒரே ஒரு வகைக் குழாயை மட்டும் 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. ஆகவே 'நானோ கரி பாதுகாப்பானதா?' என்பது அரைகுறைக் கேள்வி. எவ்வளவு நீளம், என்ன வடிவம், எவ்வளவு சுத்தம் என்று கேட்க வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. நம் வெள்ளணுக்களின் ஒரு நொதி இந்தக் குழாய்களை மெல்லச் சிதைப்பதை 2010-ல் கண்டார்கள். 2024-ல் 14 தன்னார்வலர்கள் மிகத் தூய கிராஃபீன் ஆக்சைடு என்னும் மெல்லிய கரித்தாள் துகள்களைச் சுவாசித்தபோது உடனடிப் பாதிப்பு தெரியவில்லை. ஆனால் அது சில மணி நேரச் சோதனை. பல ஆண்டுகளுக்கான பதில் அல்ல.

வியாபாரிகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆலிவ் எண்ணெயில் கரைத்த ஃபுல்லரீன் என்னும் கரிப்பந்து எலிகளின் ஆயுளை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது என்று 2012-ல் பாரிஸிலிருந்து ஒரு கட்டுரை வந்ததும், இணையத்தில் புட்டி புட்டியாக விற்பனை தொடங்கியது. பின்னால் வந்த ஆய்வில் ஆயுள் கூடவில்லை. வெளிச்சம் பட்ட எண்ணெய் எலிகளுக்கு நஞ்சாகவும் மாறியது. அந்த எண்ணெயை யார் விற்றாலும் வாங்கிக் குடிக்காதீர்கள்.