கங்காபுரி: கல்லும் நீரும் சொல்லும்

கங்கை வரை படை செலுத்திய முதலாம் இராசேந்திர சோழன், அவ்வெற்றியின் நினைவாக எழுப்பிய நகரம் கங்கைகொண்ட சோழபுரம். தந்தையின் தஞ்சையை விடுத்துக் கொள்ளிடத்திற்கு வடக்கே அவன் இப்புதிய தலைநகரை அமைத்தது 1025ஆம் ஆண்டளவில் ஆகும். 1279இல் சோழராட்சி முடியும்வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள் அது சோழர் தலைநகராகத் திகழ்ந்தது.

வெற்றித்தூணைக் கல்லில் நாட்டுவது மன்னர் மரபு. இராசேந்திரனோ அதனை நீரால் நாட்டினான். கங்கை நீர் கொணர்ந்து அவன் கண்ட சோழகங்கம் என்னும் பேரேரியை, நீராலான வெற்றித்தூண் என்றே திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. அவ்வேரி பொன்னேரி என்ற பெயரில் இன்றும் உள்ளது.

அரண்மனை நிலைக்கவில்லை. மாளிகைமேட்டு அகழாய்வில் செங்கற் சுவர்களின் அடிப்பகுதியும் கூரை ஓடுகளுமே வெளிப்பட்டன. கோயிலின் மதிற் கற்களும் தப்பவில்லை. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது அவை பெயர்த்துச் செல்லப்பட்டன. எஞ்சிய கோயில் 2004இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது.

இந்நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட விக்கிரமன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர்மீதும் உலாப் பாடியவர் ஒட்டக்கூத்தர். மன்னர் வாழ்ந்த மாளிகை மண்மேடாயிற்று. மதில் அணைக்குள் அடங்கிற்று. அவர்தம் பவனியோ மூவருலாவில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கல்லை நம்பிய அரசர்க்கும் இறுதியில் துணைநின்றது புலவன் சொல்லே.