ஏடு சொல்லாத கணக்கு

ஒரு சிறு கடன் ஓர் ஏழைக் குடும்பத்தை உயர்த்தியதா, தாழ்த்தியதா என்பதை எவ்வாறு அறிவது? கடன் கொடுத்தோர் ஏட்டை விரித்து, தவணைகள் தவறாது வந்தமையைக் காட்டுவர். அத்தவணைப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை அந்த ஏடு சொல்லாது.

பழைய சங்கங்களில் இக்கேள்வி பெரிதாக எழவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியில் ரைபைசன் தொடக்கிய கடன் சங்கங்களும், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இலங்கையில் எழுந்த கூட்டுறவுக் கடன் சங்கங்களும் ஒருவரையொருவர் அறிந்தோரின் சங்கங்கள். கடன் பெற்றவரின் வயல் விளைந்ததா, வீடு வறண்டதா என்பதை அயலார் நேரிற் கண்டனர்.

1976இல் பங்களாதேசத்தின் யோப்ரா கிராமத்தில் முகம்மது யூனுஸ் 42 பேருக்கு 27 டொலர் பெறுமதியான பணத்தைக் கடனாக வழங்கினார். 1983இல் அம்முயற்சி கிராமீன் வங்கியாயிற்று. கடன் பெற்றோர் தொகை பெருகப் பெருக, அயலாரின் கண் இருந்த இடத்தில் எண்கள் அமர்ந்தன. தவணை திரும்பும் வீதமே வெற்றியின் அளவுகோலாயிற்று. ஆயினும் ஆன் மேரி கோட்ஸ், ரீனா சென் குப்தா என்னும் இருவர், ஒவ்வொரு கடனும் யார் கையில் எவ்வாறு செலவாயிற்று என்று விசாரித்து 1996இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏறத்தாழ 37 விழுக்காட்டுப் பெண்களுக்கே தம் கடன்மீது முழுமையான அல்லது கணிசமான அதிகாரம் இருந்தமை அதனாற் புலனாயிற்று. எஞ்சியோரில் பலருக்குக் கடன் தம் பெயரிலும் பணம் ஆடவர் கையிலும் இருந்தன.

நமது கரைக்கு வருவோம். 2004இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிழக்குக் கரையோரத்தில் நுண்கடன் பெருகிற்று. மருதமுனையில் தறிக்கு நூல் வாங்கக் கடன் பெற்ற பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். எதற்காகப் பெற்றீர் என வினவினால், "நெசவுக்கு" என்பாள், படிவம் நிறைந்துவிடும். அவளோடு பொறுமையாக அமர்ந்து ஓராண்டின் வரவு செலவை மாதம் மாதமாகக் கேட்டால், நகை அடகு சென்ற நாளும், ஒரு கடனை அடைக்க மற்றொன்று பெற்ற நாளும், அடுப்பிற் குறைந்த உணவும் வெளிப்படக்கூடும். நூல் வாங்கித் தறி தழைத்த கதையும் வெளிப்படலாம். அதையும் விடாது எழுதுதல் வேண்டும்.

வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டதாகையால், வட்டிக் கடனைச் சொல்ல நாணுவோர் நம்மிடையே உண்டு. அந்த நாணத்தை அறிந்த பெண்ணொருவர் தனிமையிற் கேட்டாலன்றி உண்மை வாராது. குழுவை விட்டு விலகியோரையும் சேர மறுத்தோரையும் கேட்டல் வேண்டும். கடைக் கடன் கொப்பியோடும் அயலார் சொல்லோடும் விடைகளை ஒப்பிடுதலும் வேண்டும்.

2016இல் நுண்நிதிச் சட்டம் பிறந்தது. 2018இல், வறட்சியால் நலிந்த 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. துயர் முற்றிய பின்பு வந்த மருந்து அது. தவணைகள் ஒழுங்காய் வந்துகொண்டிருக்கும்போதே வீட்டுக் கதைகளைக் கேட்போமாயின், நோயை அதன் தொடக்கத்திலேயே அறியலாம்.