ஈ.பி. மீட்டரும் பானைச் சோறும்



மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னார்கள். ஹாஸ்டல் மெஸ் கதைகளை மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் எனக்குச் சோறு போட்ட தொழிலைப் பற்றி எழுதுகிறேன். ஒரு ரூட்டர் வழியாக எவ்வளவு ட்ராஃபிக் போகிறது என்று கணக்குப் பார்ப்பதுதான் அதில் பாதி வேலை. "இதென்ன பெரிய விஷயம்?" என்று தோன்றும். இதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. நான் பண்ணிய தப்பும் அதில் அடக்கம்!

பாக்கெட்டுகளை வழி பார்த்து அனுப்புவதுதான் ரூட்டரின் வேலை, எண்ணுவது உபரி வேலை. 1988-ல் எஸ்.என்.எம்.பி. என்ற முறை வந்தது. ரூட்டரின் ஒவ்வொரு வாசலிலும் வந்த பைட், போன பைட் என்று கவுண்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும். நாம்தான் அவ்வப்போது கேட்டு வாங்கணும். வீட்டு ஈ.பி. மீட்டர் மாதிரிதான். இன்றைய ரீடிங்கிலிருந்து போன ரீடிங்கைக் கழித்து, இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். மொத்தம் தெரியும். ஆனால் கரண்ட்டை இழுத்தது ஃபேனா, கிரைண்டரா என்று மீட்டர் சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவின் என்.எஸ்.எஃப். நெட்டில், எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துப் பார்க்கத் தனிக் கம்ப்யூட்டர்களை வைத்தார்கள். ட்ராஃபிக் பெருகப் பெருக, அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. கவுண்டர் காட்டிய மொத்தம் ஒன்று, பிரித்து எண்ணியது அதைவிடக் குறைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் ஓட்டை தெரிந்தது. 1991 செப்டம்பரில், 50 பாக்கெட்டுக்கு ஒன்றை மட்டும் பார்த்து 50-ஆல் பெருக்க ஆரம்பித்தார்கள். நம்ம ஊர்ப் பாஷையில், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்! கிளாஃபி, பாலிசோஸ், பிரவுன் ஆகிய மூவரும் 1993-ல் இதை ஆராய்ந்து, இத்தனை நேரத்துக்கு ஒன்று என்று எடுப்பதைவிட இத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று என்று எடுப்பதே நல்லது என்று காட்டினார்கள்.

1994-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வெளியுலகத்துக்கு இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று டோபியாஸ் ஓட்டிக்கர் ஒரு புரோகிராம் எழுதினார். அதுதான் எம்.ஆர்.டி.ஜி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரீடிங் எடுத்து வரைபடமாகப் போடும். உலகம் முழுக்கப் பரவியது.

இப்போது என் கதை. ஒரு கல்வி நிறுவனத்தின் 100 மெகாபிட் லைன் என் பொறுப்பில் இருந்தது. ரூட்டருக்குச் சுமை வேண்டாம் என்று 15 நிமிடத்துக்கு ஒரு ரீடிங் எடுத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பழைய கவுண்டருக்கு 32 பிட். சுமார் 429 கோடி பைட் ஆனதும் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 95 மெகாபிட் வேகத்தில் அதற்கு 6 நிமிடம்தான் ஆகும். 15 நிமிடத்தில் இரண்டு முழுச் சுற்று காணாமல் போய், 95 என்பது 19 என்று தெரிந்தது. "லைன் கால்வாசிகூட நிரம்பவில்லை" என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் கேட்ட பெரிய லைன் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. லைன் கொடுத்தவர்களின் கணக்கோடு ஒப்பிட்டு, "சார், இது இடிக்குதே" என்று கேட்டவன் அங்கே படித்த ஒரு பையன். மருந்தான 64 பிட் கவுண்டர் 1990-களிலேயே வந்துவிட்டது. நான்தான் பயன்படுத்தவில்லை.

1996-ல் சிஸ்கோவின் நெட்ஃப்ளோ, 2001-ல் எஸ்ஃப்ளோ எல்லாம் வந்து, யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதும் ரூட்டரிலிருந்தே கிடைத்தது. அங்கும் மாதிரி எடுத்தால் ஜாக்கிரதை வேண்டும். ஒருவர் பங்கைக் கணக்கிட அவருடைய பாக்கெட்டுகளில் 10,000 மாதிரி சிக்கினால், பிழை பெரும்பாலும் 2 சதவீதத்துக்குள் இருக்கும். 100 மட்டும் சிக்கினால் 20 சதவீதம் வரை போகும். அதை வைத்து ஒருவர் மேல் பழி போடலாமா?

தம்பி தங்கைகளே, ரூட்டர் பொய் சொல்லாது. கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். எந்தக் கணக்கையும் இரண்டு வழியில் போட்டுப் பாருங்கள். இரண்டும் இடித்தால் சந்தோஷப்படுங்கள். ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்று அர்த்தம்.