ஒரு நாடும் ஒரு அப்பாவோட கேஸ் ஷீட்டும்

ஆராய்ச்சி அறம்னு பேச்சு வந்தா எல்லாரும் டஸ்கெகீ சிஃபிலிஸ் கதையத்தான் சொல்வாங்க. நம்ம காலத்துக்கு அதைவிடப் பொருத்தமா எனக்குப் படறது ஐஸ்லாந்து கதை. ஏன்னா இதுல யாரையும் ஊசியால குத்தல, யாரும் சாகல. வெறும் தகவல்தான். ஆனா ஒரு முழு நாட்டோட தகவல்!

1998ல் ஐஸ்லாந்தோட மொத்த மக்கள்தொகையே மூணு லட்சத்துக்குக் கம்மி. நம்ம இனிஷியல் மாதிரியே அங்கயும் குடும்பப் பேர் கிடையாது, அப்பா பேர்தான் பின்னாடி ஒட்டிக்கும். வம்சாவளிய நூற்றாண்டுக் கணக்கா எழுதி வெச்சிருக்கிற ஜனங்க. மரபணு ஆராய்ச்சிக்கு இதைவிடத் தோதான இடம் வேணுமா?

காரி ஸ்டெஃபான்சன்னு ஒரு நரம்பியல் டாக்டர். ஹார்வர்டுல பேராசிரியரா இருந்தவர், 1996ல் டிகோட் ஜெனெடிக்ஸ் கம்பெனிய ஆரம்பிச்சார். 1998 பிப்ரவரில ரோஷ் மருந்து கம்பெனியோட 20 கோடி டாலர் வரைக்கும் போகக்கூடிய ஒப்பந்தம். அதே வருஷ டிசம்பர்ல நாடாளுமன்றம் சட்டம் போட்டுச்சு: எல்லாரோட மருத்துவக் குறிப்புகளும் ஒரே தகவல் தளத்துக்குப் போகும். நடத்துற தனி உரிமை ஒரே கம்பெனிக்கு, 12 வருஷம் வரை. 2000ல் அந்த உரிமம் டிகோடுக்கே போச்சு.

யார்கிட்டயும் சம்மதம் கேட்கல. வேண்டாம்னா நீங்கதான் படிவம் எழுதிக் குடுக்கணும். சும்மா இருந்தா சம்மதம்! செத்துப் போனவங்க எப்படிங்க படிவம் எழுதுவாங்க?

சுமார் 20 ஆயிரம் பேர் எழுதிக் குடுத்து விலகினாங்க. டாக்டர்கள் பலர் எதிர்த்தாங்க. மன்வெர்ண்ட்னு ஒரு அமைப்பு போராடுச்சு. ஆனா கதைய மாத்தினது ஒரு பொண்ணு. இறந்துபோன தன் அப்பாவோட குறிப்புகளக் கொடுக்கக் கூடாதுன்னு வழக்கு போட்டாங்க.

2003 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் விஷயமே. அப்பாவோட பரம்பரைத் தகவல வெச்சு மகளப் பத்தியும் தெரிஞ்சுக்க முடியும், அதனால தடுக்குற உரிமை மகளுக்கு உண்டு. பேரை மறைச்சுடுவோம்னு வாய்ல சொன்னா பத்தாது, அதுக்கான உறுதி சட்டத்துலயே இருக்கணும். அந்தத் தகவல் தளம் கடைசி வரைக்கும் கட்டப்படவே இல்ல.

டிகோட் 2009ல் திவால். 2012ல் ஆம்ஜென் 41.5 கோடி டாலருக்கு வாங்குச்சு.

கதை முடிஞ்சுதுன்னு நினைச்சா, இல்லீங்க. கையெழுத்துப் போட்டு ரத்தம் குடுத்தவங்கள வெச்சு டிகோட் ஆராய்ச்சிய நடத்திக்கிட்டே இருந்துச்சு. வம்சாவளியும் கையில இருந்ததால, ரத்தமே குடுக்காத சொந்தக்காரங்களப் பத்தியும் கணக்குப் போட்டுச் சொல்ற நிலைமை வந்துடுச்சு. மார்பகப் புற்றுநோய் ஆபத்தக் கூட்டற பிஆர்சிஏ2 மரபணுக் கோளாறு யாருக்கெல்லாம் இருக்குன்னு கண்டுபிடிக்க முடியும்னு 2015ல் ஸ்டெஃபான்சனே சொன்னார். கேட்காதவங்ககிட்ட அதைச் சொல்லலாமான்னு பெரிய இழுபறி. கடைசில 2018ல், தெரிஞ்சுக்க விரும்பறவங்க தாங்களே கேட்டு வாங்கிக்கற மாதிரி ஒரு இணையதளம் திறந்தாங்க.

ஸ்டெஃபான்சன் பக்கமும் நியாயம் இல்லாம இல்ல. முன்னாடியே தெரிஞ்சா ஒரு உயிர் பிழைக்குமே! ஆனா தெரிஞ்சுக்காம இருக்கறதும் ஒரு உரிமைதானே?

ஆராய்ச்சி விதிகள் எல்லாம் தனி மனுஷனோட கையெழுத்த நம்பி எழுதினது. ரத்தமோ குடும்பத்தோடது. உங்க சித்தப்பா போடற கையெழுத்து உங்களையும் சேர்த்துக் குடுத்துடுது. அப்போ யார்கிட்ட கேட்கணும், சொல்லுங்க?