கேட்டவர்க்குச் சொல்வதும் கேளாதார் காதில் கூவுவதும்

'பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. மணமே வழிப்போக்கரை அழைத்துவிடும் என்பது அதன் கருத்து. ஆயினும், இணையத்தளம் என்னும் கடைக்கு இப்பழமொழி பொருந்தாது. அது தெருவோரத்தில் இல்லை. அதன் வாசலில் எவரும் தற்செயலாக நடந்து போவதில்லை. ஆகவே, தளம் ஒன்றை அமைத்தவன் அதைப்பற்றிப் பிறருக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்வதில் குற்றமில்லை. யாரிடம் சொல்வது, எவ்வாறு சொல்வது என்னுமிடத்தில்தான் நெறியும் நெறிகேடும் பிரிகின்றன.

இவ்வினாவை நான் தேடிப் போகவில்லை. அதுவே எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. எங்கள் தோட்டப் பள்ளியின் பழைய மாணவர்கள் பள்ளிக்கென ஒரு தளம் அமைத்தனர். முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளின் தொகை குறைந்து வருவதால், பள்ளியைப் பற்றிப் பெற்றோர் அறியவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அவ்வேளையில் ஒருவர் வந்தார். பல்லாயிரம் தொலைபேசி எண்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தம்மிடம் உள்ளன என்றும், சிறு தொகை கொடுத்தால் ஒரே இரவில் அத்தனை பேருக்கும் செய்தி அனுப்பிவிடலாம் என்றும் கூறினார். குழுவில் சிலர் உடனே இசைந்தனர். நான் ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் படித்தறிந்த வரலாற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

தந்தியில் வந்த விளம்பரம்

கேளாதார் காதில் கூவும் வழக்கம் கணினியோடு பிறந்ததன்று. 1864ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டன் நகரில், அரசியல் பிரமுகர் பலருக்கு மாலை வேளையில் தந்தி வந்தது. தந்தி என்றால் மரணச் செய்தியோ, நாட்டுக்கு நேர்ந்த ஆபத்தோ என்று மக்கள் அஞ்சிய காலம் அது. பதறிப் பிரித்துப் பார்த்தால், பல் மருத்துவர் இருவர் தங்கள் மருத்துவ சாலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று அறிவித்திருந்தனர்! சினமுற்ற ஒருவர் 'டைம்ஸ்' இதழுக்குக் கடிதம் எழுதினார். அதனாலேயே இச்செய்தி இன்றும் நமக்குக் கிடைக்கிறது.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. தந்திக்கான கட்டணத்தை மருத்துவர்களே கொடுத்தனர். பெற்றவர்கள் ஒரு காசும் இழக்கவில்லை. இழந்தது மன அமைதியை. தந்தி என்னும் கருவியின்மேல் வைத்திருந்த நம்பிக்கையையும் சிறிது இழந்தனர்.

நூறு ஆண்டுகளுக்குமேல் கழிந்து, 1978ஆம் ஆண்டு மே மாதத்தில் இதே செயல் கணினி வழியே நிகழ்ந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பொருளுதவியால் இயங்கிய ஆர்ப்பாநெட் என்னும் கணினி வலையமைப்பே இணையத்தின் முன்னோடி. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனைத் துறையைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைக் காண வருமாறு அவ்வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே அழைப்பை அனுப்பினார். முகவரிகள் அச்சிட்ட பெயர்ப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை. கண்டனம் எழுந்தது. வலையமைப்பை நிர்வகித்தவர்கள் இது விதிமீறல் என்று எச்சரித்தனர். ஆயினும் அவ்வழைப்பினால் நல்ல விற்பனை கிடைத்ததாகத் துர்க் பிற்காலத்தில் கூறினார். இதனை மறைக்காமல் சொல்லவேண்டும். வேண்டாத அஞ்சலினால் பயனில்லை என்று வாதிட்டால் அவ்வாதம் நில்லாது. சிலருக்குப் பயன் உண்டு. அப்பயனுக்கான விலையைக் கொடுப்பவர் யார் என்பதே வினா.

ஒரு கேள்வியும் ஒரு பதிலும்

இனி இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். இன்று உலகமெங்கும் பரவியுள்ள 'வேர்ல்டு வைடு வெப்' என்னும் வலை, பொதுமக்களுக்கு முதன்முதலில் எவ்வாறு அறிவிக்கப்பட்டது? பெருங்கூட்டமா கூட்டினார்கள்? ஆயிரம் பேருக்கு அஞ்சலா அனுப்பினார்கள்? இல்லை.

அந்நாளில் யூஸ்நெட் என்னும் பொது அறிவிப்புப் பலகை ஒன்று கணினிகளுக்கிடையே இயங்கிவந்தது. அது பொருள்வாரியாகப் பல குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு சொல்லிலிருந்து வேறோர் ஏட்டுக்குத் தாவிச் செல்லும் மீயுரை என்னும் முறையைப் பற்றிப் பேசவும் ஒரு குழு இருந்தது. பல இடங்களில் உள்ள தகவல்களை இவ்வாறு இணைத்துப் பெறுவதற்கு யாரேனும் முயன்று வருகிறார்களா என்று அக்குழுவில் ஒருவர் கேட்டார். ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அதற்குப் பதில் எழுதினார். தம் திட்டம் இன்னது, அதற்கான மென்பொருள் இன்ன இடத்தில் கிடைக்கும், உடன் உழைக்க விரும்புவோர் வரலாம் என்பதே அப்பதிலின் சாரம்.

கேள்வி கேட்டவருக்குப் பதில். அப்பொருளில் நாட்டமுள்ள குழுவில் மட்டும். கையில் எடுத்துப் பார்க்கத்தக்க ஒரு பொருளோடு. இம்மூன்றும் சேர்ந்ததால் அவ்வறிவிப்பு எவரையும் உறுத்தவில்லை. பார்த்தவர்கள் தாமே தளம் அமைத்தனர். அவர்களைப் பார்த்துப் பிறர் அமைத்தனர். 1993ஆம் ஆண்டின் இறுதிக்குள் 500க்கும் மேற்பட்ட வலை வழங்கிக் கணினிகள் இயங்கலாயின.

தளங்கள் பெருகியபோது அவற்றை அறிவிக்கவும் ஒழுங்கான இடங்கள் தோன்றின. இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. என்னும் கணினி நிலையம் 1993இல் 'புதியன எவை' என்று ஒரு பக்கத்தைத் தொடங்கியது. புதிதாகத் தளம் அமைத்தவர்கள் அங்கே எழுதித் தெரிவிக்க, அவை பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1994இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களான ஜெரி யாங், டேவிட் பைலோ இருவரும் தளங்களைப் பொருள்வாரியாக அடுக்கித் தொடங்கிய பட்டியலே பின்னர் யாஹூ எனப் பெயர் பெற்றது. இவை சந்தையைப் போன்றவை. வாங்க விரும்பியவனே சந்தைக்கு வருகிறான். வந்தவனைக் கூவி அழைப்பதில் தவறு காண்பார் இல்லை.

ஏப்ரல் 12

அதே 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் வேறொரு கதை நடந்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகரைச் சேர்ந்த லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் என்னும் வழக்கறிஞர் தம்பதியர், அமெரிக்கக் குடியேற்ற உரிமைக் குலுக்கல் பற்றிய தங்கள் விளம்பரத்தை யூஸ்நெட்டின் 5,500க்கும் மேற்பட்ட குழுக்களில் இட்டனர். அக்குலுக்கலில் பெயர் கொடுக்க அந்நாளில் அரசு கட்டணம் வாங்கியதில்லை. வழக்கறிஞரும் தேவையில்லை. விண்ணப்பித்துத் தருவதற்குத் தம்பதியர் கூலி கேட்டனர்.

ஒரே செய்தியைப் பல குழுக்களுக்குச் சேர்த்து இட்டிருந்தால், ஒரு குழுவில் படித்தவருக்கு மற்றக் குழுக்களில் அது மீண்டும் தோன்றாது. இவர்களோ ஒவ்வொரு குழுவிலும் தனித்தனியே இட்டனர். ஆதலால் பத்துக் குழுக்களைப் படிப்பவர் பத்து முறையும் அதையே காண நேர்ந்தது. வானியல் பேசுவோரும் நாய் வளர்ப்போரும் ஒருங்கே குடியேற்ற விளம்பரம் படித்தனர். கண்டன அஞ்சல்கள் குவிந்ததால், இவர்களுக்கு இணைப்பு வழங்கிய நிறுவனத்தின் கணினி பலமுறை செயலிழந்தது. அந்நிறுவனம் இவர்கள் கணக்கை மூடியது. தம்பதியர் வருந்தவில்லை. ஓர் இலட்சம் வெள்ளிக்குமேல் ஈட்டியதாகச் சொல்லிக்கொண்டதோடு, இவ்வழியில் பொருளீட்டுவது எப்படி என்று நூலும் எழுதினர். 1997இல் டென்னசி மாநிலத்தில் கேன்டரின் வழக்கறிஞர் உரிமை பறிக்கப்பட்டபோது, காட்டப்பட்ட காரணங்களுள் இவ்விளம்பரமும் ஒன்று.

அவர்கள் ஈட்டியது அவர்களைச் சேர்ந்தது. இடத்தையும் நேரத்தையும் கொடுத்தவர்களோ ஊர்பேர் அறியாத பல்லாயிரவர். வழிகாட்டுவார் கிடைத்தபின் பின்பற்றுவாருக்குப் பஞ்சமா? யூஸ்நெட் குழுக்களில் குப்பை பெருகியது. பொறுமையிழந்த பலர் அவற்றை விட்டு அகன்றனர். ஊர்க்கிணற்றில் ஒருவர் கால் கழுவினால் நீர் கெடாதிருக்கலாம். எல்லாரும் கழுவினால் குடிக்க நீரேது?

இத்தகைய செயலுக்கு 'ஸ்பேம்' என்னும் பெயர் இக்காலத்தில்தான் பரவலாக ஊன்றியது. அது 1937இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு டின் இறைச்சியின் பெயர். 1970இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவைக் காட்சி ஒன்றில், உணவுக்கடையின் பெரும்பாலான பண்டங்களில் அவ்விறைச்சி இருக்கும். அப்பெயரையே சிலர் உரக்கப் பாடிப் பிறர் பேச்சை அமுக்கிவிடுவர். பிறரைப் பேசவொட்டாமல் அமுக்குவது என்னும் பொருள் அதிலிருந்து வந்தது.

கேட்டு வந்தோரும் எடுத்துச் சென்றோரும்

மின்னஞ்சலை நெறியோடு பயன்படுத்தியோரும் உளர். 1995இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் கிரேய்க் நியூமார்க் என்பவர், நகரில் நடக்கவிருக்கும் நிகழ்ச்சிகளைத் தம் நண்பர் சிலருக்கு அஞ்சலில் தெரிவித்து வந்தார். அவர்கள் வழியே கேள்வியுற்ற பிறர், எம் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டனர். இவ்வாறு வளர்ந்ததே 'கிரேய்க்ஸ்லிஸ்ட்' என்னும் புகழ்பெற்ற தளம்.

நம் மொழியிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலானோர் 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் தட்டெழுதி இலவசமாக வழங்கி வருகிறது. அந்நூல்களின் முகப்பில் ஒரு குறிப்பு இருக்கும்: இக்கோப்பை யாரும் பிறருக்குக் கொடுக்கலாம், முகப்புப் பக்கத்தை மட்டும் நீக்காதீர். தளத்தின் முகவரி அம்முகப்பில் உள்ளது. நூல் வேண்டியவர் நூலை எடுத்துச் செல்கிறார். முகவரியும் உடன் செல்கிறது. பயனுள்ள பொருளே தன் தூதனாகவும் அமைந்த முறை இது.

பொய்ச் சான்றுகள்

1998இல் லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் நிறுவிய கூகிள், ஒரு தளத்தைப் பிற தளங்கள் எத்தனை சுட்டுகின்றன, சுட்டுவோரின் தகுதி என்ன என்று பார்த்துத் தளங்களை வரிசைப்படுத்தியது. பிறர் தரும் நற்சான்றுக்கு மதிப்பு வந்தவுடன் பொய்ச்சான்று விற்போரும் வந்தனர். அயலார் தளங்களின் கருத்துப் பகுதிகளில் தம் முகவரிகளைத் திணித்தனர். அவ்வாறு இடப்படும் முகவரிகளுக்கு வரிசையில் மதிப்புக் கிட்டாதபடி 2005ஆம் ஆண்டு ஜனவரியில் தேடல் நிறுவனங்கள் ஒரு குறியீட்டை ஏற்றன. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனத்தின் ஜெர்மானியத் தளமே கூகிள் வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. தேடல் பொறிக்கு ஒரு பக்கமும் வருகையாளருக்கு வேறொரு பக்கமும் காட்டியதே குற்றம். அப்பக்கங்களை அகற்றிய பின்னரே அது மீண்டும் சேர்க்கப்பட்டது.

சட்டங்களும் வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் முன் இசைவு பெறாமல் விளம்பர அஞ்சல் அனுப்பலாகாது என்று பொது விதி செய்தது. சிங்கப்பூர் 2007இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுச் சட்டம், தம் விவரங்களை நேரடி விளம்பரத்துக்குப் பயன்படுத்த வேண்டாமென்று சொல்லும் உரிமையைக் குடிமகனுக்கு அளித்தது.

எங்கள் முடிவு

ஒரு வாரம் கழித்துக் குழு கூடியது. "ஆயிரம் பேரில் பத்துப் பேர் வந்தாலும் இலாபந்தானே, ஐயா?" என்று ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். "மீதி 990 பேரும் நம் பள்ளியின் பெயரை முதன்முதலில் எரிச்சலோடு அறிவார்களே, நாளை அவர்களிடம் நாம் எந்த முகத்தோடு போவது?" என்று நான் கேட்டேன். அவர் சிந்தித்தார், பின்னர் இசைந்தார்.

பள்ளியின் கடிதத் தாளிலும் விளையாட்டு விழா அழைப்பிதழிலும் தளத்தின் முகவரியை அச்சிட்டோம். கோயில் நிர்வாகத்திடம் அனுமதி பெற்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களின் நினைவுகளையும் பழைய வகுப்புப் படங்களையும் மாணவர்களைக் கொண்டே திரட்டித் தளத்தில் ஏற்றினோம். தம் தாத்தாவின் படத்தைக் கண்டவர் தம் உறவினருக்குத் தாமே சொல்லுகிறார். செய்தி வேண்டுவோர் தம் முகவரியை எழுதித் தரலாம்; வேண்டாமென்றால் மறுநாளே நீக்கிவிடுவோம். வருவோர் தொகை பெரிதில்லை, வளர்ச்சியும் மெதுவானதே. இதனால் அடுத்த ஆண்டு வகுப்பறை நிறைந்துவிடும் என்று நான் உறுதி கூற மாட்டேன்.

எனினும், ஒன்றை உறுதியாகக் கூறுவேன். பிறர் வீட்டுக் கதவைத் தட்டுமுன் அனுமதி கேட்கவேண்டும் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். கற்பிக்கும் பள்ளியே நள்ளிரவில் பல்லாயிரம் கதவுகளைத் தட்டலாமா?