ஏப்ரல் 15-இன் கணக்கு

ஏப்ரல் 14 அன்று நீலக்கொடியுடன் அம்பேத்கர் சிலைக்கு மாலை போடுகிறோம். மறுநாள் ஏப்ரல் 15, தமிழ்நாட்டில் திருநங்கையர் நாள். முதல் நாள் நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர்கூட மறுநாள் நிற்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன்.

அண்மையில் ஒரு வாசிப்பு வட்டத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "அக்கா, கட்சிங்க எல்லாம் பால்புதுமையினர் உரிமைன்னு அறிக்கையில எழுதுறாங்களே, ஜெயிச்சப்புறம் யாராவது செஞ்சிருக்காங்களா?" உடனே ஒரு தோழர், "கலைஞர் செஞ்சாரே" என்றார். இன்னொருவர், "எல்லாமே கோர்ட்டு குடுத்தது" என்றார். விவாதம் அன்று முடியவில்லை. இரண்டு பதிலிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை வரலாற்றில்தான் தேட வேண்டும்.

முதலில் தமிழ்நாடு. 2006 டிசம்பரில், கல்வி நிலையங்களில் திருநங்கையருக்கு இடம் மறுக்கக் கூடாது என்று அரசாணை வந்தது. 2008 ஏப்ரல் 15 அன்று திருநங்கையர் நல வாரியம் அமைக்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதல். ரேஷன் அட்டையில் தனிப் பிரிவு, அரசு மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சை எனத் தொடர்ந்து வந்தன. 'திருநங்கை' என்ற சொல்லை அரசே பயன்படுத்தியதால், தெருவில் வசவாக இருந்த சொற்களுக்கு மாற்றாக மரியாதையான ஒரு சொல் பாடநூல் வரை போனது. இதைச் சாதாரணம் என்று சொல்ல மாட்டேன். பெயரிலேயே இழிவைச் சுமந்த மக்களுக்கு ஒரு சொல் என்ன செய்யும் என்பது தலித்துகளான நமக்குத் தெரியும்.

ஆனால் இவை யாருடைய வாக்குறுதியிலும் தானாக முளைத்தவை அல்ல. அதற்கு முன்பே திருநங்கையர் ஆட்சியர் அலுவலகங்களில் மனுவோடு நின்றிருக்கிறார்கள், காவல் நிலையங்களில் அடி வாங்கியிருக்கிறார்கள், நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். வாரியம் வந்தது அரசாணையால், சட்டத்தால் அல்ல. சட்டம் கொடுத்ததைப் பறிக்கச் சட்டமன்றம் கூட வேண்டும். அரசாணை கொடுத்ததை முடக்க, கோப்பை நகர்த்தாமல் விட்டாலே போதும்.

இனி தில்லி. 377-ஆம் பிரிவை எதிர்த்து தில்லி உயர்நீதிமன்றத்தில் நாஸ் அறக்கட்டளை வழக்கு நடந்தபோது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி. சுகாதார அமைச்சகம் ஒரு பக்கம், உள்துறை அமைச்சகம் எதிர்ப்பக்கம் என்று ஒரே அரசு இரண்டு குரலில் பேசியது. 2009 ஜூலையில் நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2013 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் அதைத் தள்ளியது. சோனியா காந்தி ஏமாற்றம் தெரிவித்தார், அரசு மறுஆய்வு மனு போட்டது. நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம் மட்டும் வரவில்லை. 2014 தேர்தல் அறிக்கையில் காங்கிரசும் மார்க்சிஸ்ட் கட்சியும் 377-ஐ நீக்குவோம் என்று எழுதின. அதிகாரம் கையில் இருந்தபோது செய்யாததை, கையைவிட்டுப் போகும் நேரத்தில் காங்கிரஸ் எழுதியது.

வாக்குறுதியின் எடையை 2015 டிசம்பரில் மக்களவையே நிறுத்துக் காட்டியது. 377-ஐத் திருத்த சசி தரூர் ஒரு தனிநபர் மசோதாவை அறிமுகம் செய்ய முயன்றார். விவாதம்கூட இல்லை, அறிமுகத்துக்கே வாக்கெடுப்பு. எதிர்த்து 71, ஆதரித்து 24. 543 பேர் உள்ள அவையில் ஆதரவாக எழுந்த கைகள் அவ்வளவுதான். அறிக்கையில் எழுதிய கட்சிகள் அன்று தங்கள் உறுப்பினர்கள் அனைவரையும் இருக்கையில் அமர்த்தியிருந்தாலே எண்ணிக்கை மாறியிருக்கும். கடைசியில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம்தான் விடுவித்தது. பா.ஜ.க. அரசு அந்த வழக்கில், முடிவை நீதிமன்றத்தின் விவேகத்துக்கு விடுகிறோம் என்று ஒதுங்கிக்கொண்டது. அதே அரசு, தன்பாலினத் திருமண வழக்கில் ஒதுங்கி நிற்கவில்லை, முழு மூச்சாக எதிர்த்தது. 2023 அக்டோபரில் நீதிமன்றமும் திருமண உரிமையைத் தர மறுத்தது. ஆக, "எல்லாம் கோர்ட்டு குடுத்தது" என்பதும் முழு உண்மை இல்லை. கோர்ட்டும் கையை விரிக்கும்.

இப்போது நமக்கு நேரடியாக வலிக்கும் இடத்துக்கு வருகிறேன்: இடஒதுக்கீடு.

2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்சநீதிமன்றம், திருநர்களைச் சமூகரீதியிலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினராகக் கருதி இடஒதுக்கீடு வழங்குங்கள் என்று ஆணையிட்டது. அதே ஆண்டு இறுதியில் மாநிலங்களவையில் தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவில் இரண்டு விழுக்காடு ஒதுக்கீடு இருந்தது. 2015 ஏப்ரல் 24 அன்று அவை அதை ஒருமனதாக நிறைவேற்றியது. தனிநபர் மசோதா ஒன்று அவையைத் தாண்டுவதே அபூர்வம். ஆனால் மக்களவையில் அது கரையேறவில்லை. ஒன்றிய அரசு 2016-இல் தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. பல எதிர்ப்புகளுக்குப் பின் 2019-இல் அது சட்டமானபோது, பெயரில் 'உரிமைப் பாதுகாப்பு' இருந்தது, உள்ளே இடஒதுக்கீடு இல்லை. திருநர் மீதான பாலியல் வன்முறைக்கு அதிகபட்சத் தண்டனை இரண்டே ஆண்டுகள். ஒரு பெண்ணுக்கு நடந்தால் ஆயுள் தண்டனை வரை போகும் குற்றம், திருநங்கைக்கு நடந்தால் இரண்டு ஆண்டு. உடலுக்கு உடல் விலை வைப்பது சாதிய சமூகத்துக்குப் பழக்கமான கணக்குதானே.

தமிழ்நாட்டில் 2015-இல் ஓர் அரசாணை திருநர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாலினத்தை ஒரு சாதிபோலப் பட்டியலில் செருகினால், ஏற்கெனவே பட்டியலினத்தில் பிறந்த திருநங்கை எங்கே நிற்பார்? எஸ்.சி. என்று நின்றால் திருநங்கை என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. எம்.பி.சி. என்று நின்றால் பிறப்பால் சுமக்கும் தீண்டாமைக்குக் கணக்கு இல்லை.

வேலைக்கு விண்ணப்பிக்க இருந்த ஒரு தங்கையுடன் சான்றிதழ் விஷயமாக ஒரு தாலுகா அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்தவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "நீ எஸ்.சி.யா, திருநங்கையா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு." அவர் கெட்டவர் இல்லை. அவர் கையில் இருந்த ஆணை அப்படி. தங்கை வெளியே வந்து சொன்னாள்: "ஊர்ல அடிக்கிறவன் ரெண்டுக்கும் சேத்துதான்கா அடிக்கிறான்."

கிடைமட்ட இடஒதுக்கீடு என்று கிரேஸ் பானு போன்ற தலித் திருநர் செயற்பாட்டாளர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்பது இதற்குத்தான். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இருப்பதுபோல எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி., பொது என ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் திருநருக்குப் பங்கு. இது முடியாத காரியம் அல்ல. கர்நாடகம் 2021-இல் அரசுப் பணிகளில் ஒரு விழுக்காடு இப்படி ஒதுக்கியது. அங்கும் வழக்கின் அழுத்தம் இருந்தது. இங்கே 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், பாலின அடையாளத்தைச் சாதியாகக் கருத முடியாது என்று 2015 ஆணையை ரத்து செய்து, கிடைமட்ட ஒதுக்கீடு வழங்கச் சொன்னது. முதல் வாரியம் தந்த மாநிலத்தில், அந்த வாரியம் பிறந்து பதினாறு ஆண்டு கழித்தும் இதை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. பெயர், அட்டை, வாரியம், விழா, பேருந்துச் சலுகை ஆகியவற்றைத் தலைவர்கள் தருகிறார்கள். இவை தேவை. ஆனால் யாருடைய இடத்தையும் இவை அசைப்பதில்லை. வேலையில் பங்கு, குடும்பச் சட்டம், சொத்து, தண்டனையில் சமத்துவம் என்று வரும்போது வாக்குறுதி குழுவாகிறது, குழு அறிக்கையாகிறது, அறிக்கை அலமாரிக்குப் போகிறது. கருணை சீக்கிரம் வரும், பங்கு வராது. பஞ்சமி நில வரலாறு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேறுவிதமான தலைமையும் இருந்திருக்கிறது. பாலியல் கல்விக்காக 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' இதழை நடத்திய ஆர்.டி. கார்வே, தன்பாலின ஈர்ப்பு உள்ளிட்ட வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதியதற்காக ஆபாச வழக்கில் சிக்கியபோது, 1934-இல் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். வழக்கு தோற்றது. அதில் ஒரு ஓட்டும் கிடைத்திருக்காது. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்றுவதாகச் சொல்லிவிட்டு அரசு பின்வாங்கியபோது, 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியை விட்டு வெளியேறியவரும் அவர்தான். பெண்களின் சொத்துரிமைக்காக அந்த விலையைக் கொடுத்தார். சொன்னதற்கு என்ன இழந்தார் என்பதுதான் ஒரு தலைவரை அளக்கும் படி.

எனவே தோழர்களே, அடுத்த தேர்தல் அறிக்கை கைக்கு வரும்போது நான்கு கேள்வி கேளுங்கள். இது சட்டமா, அரசாணையா, வெறும் அறிவிப்பா? நிதிநிலை அறிக்கையில் இதற்குத் தொகை உண்டா? முடிவெடுக்கும் நாற்காலியில் திருநர் யார், அவர்களில் தலித் யார்? எத்தனை நாளில்?

கட்சிகளிடம் கேட்கும் முன் நம்மிடமும் ஒன்று. நம் அமைப்புகளின் பொறுப்பாளர் பட்டியலில் திருநரும் பால்புதுமையினரும் எத்தனை பேர்? ஏப்ரல் 14-க்கு வரும் கால்கள் 15-க்கும் வரட்டும். அந்தத் தங்கை இன்னும் விண்ணப்பித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.