திருக்கோணமலைக் கடலடியில் ஒரு படப்பிடிப்பு

திரையிற் கண்ட இடங்களை நேரிற் சென்று காணும் ஆவல் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. இலங்கைக்கு வரும் வெளிநாட்டார் பலர் கித்துல்கலைக்குச் சென்று, 1957இல் வெளிவந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்துக்காகக் கட்டித் தகர்க்கப்பட்ட மரப்பாலம் நின்ற இடத்தைக் கேட்டறிந்து, ஆற்றங்கரையில் சற்று நேரம் நின்று திரும்புகிறார்கள். ஆனால் இந்நாட்டில் படம் பிடிக்கப்பட்ட இடங்களுள் எளிதிற் காணமுடியாத ஒன்று உண்டு. அது திருக்கோணமலையில், கோணேசர் ஆலயம் நிற்கும் மலையின் அடிவாரத்தில், கடல் நீருக்குள்ளே இருக்கிறது. அவ்விடத்தின் கதையை அறிய வேண்டுமானால், முதலில் மதுரைக்குச் சென்று வர வேண்டும்.

முதற் சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொரொந்துவ' 1947 ஜனவரி 21ஆம் நாள் கொழும்பில் திரையிடப்பட்டது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் பிடிக்கப்பட்டதோ மதுரையில், சித்ரகலா மூவிடோன் கலையகத்தில். இலங்கையின் வீடும் முற்றமும் தென்னிந்தியக் கலையகத்துச் சுவர்களுக்குள்ளே பலகையாலும் துணியாலும் அமைக்கப்பட்டன. தொடர்ந்து சில ஆண்டுகள் சிங்களப் படங்கள் பெரும்பாலும் இவ்வாறே உருவாயின. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' என்னும் படத்தை எடுத்தபோதுதான் கமரா கலையகத்தை விட்டு வெளியேறி, உண்மையான கிராமத்துக்கும் உண்மையான வெயிலுக்கும் வந்தது. இதற்குப் பின் ஆறே ஆண்டுகளில் அது கடலுக்குள்ளும் இறங்கியது.

இறக்கியவர் மைக் வில்சன் என்னும் ஆங்கிலேயர். அறிவியற் கதைகளால் உலகப் புகழ் எய்திய ஆர்தர் சி. கிளார்க்கின் தோழர் அவர். இருவரும் 1956இல் இலங்கைக்கு வந்தனர். முதுகிலே காற்றுக் குடுவையைச் சுமந்துகொண்டு நீரடியில் நீந்தும் கலை அப்போது புதிது. அதற்கு முன்னரும் முத்துக் குளிக்கும் சுழியோடிகள் நம் கடல்களில் இருந்தார்கள். ஆயினும் அவர்கள் மூச்சடக்கி நிற்கும் நேரம் ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. புதிய கருவியோ மனிதனைக் கடலடியில் நெடுநேரம் தங்கி, சுற்றிப் பார்க்கவும் படம் எடுக்கவும் வைத்தது. அவ்வாறு வில்சன் சுவாமிமலையின் அடியிலே மூழ்கியபோது, இயற்கைப் பாறைகளுக்கிடையே மனிதர் கை செதுக்கிய தூண்களையும் கற்களையும் கண்டார். கிளார்க் இச்செய்தியை 1957இல் வெளியிட்ட 'தப்ரபேனின் பவளப்பாறைகள்' என்னும் நூலில் விரிவாக எழுதினார்.

அக்கற்கள் அங்கு வந்தது எப்படி? திருக்கோணமலை 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். கடலுக்குள் நீண்டு, முந்நூறு அடிக்கு மேல் செங்குத்தாக உயர்ந்து நிற்கும் அம்மலையில் பெருங்கோயில் ஒன்று விளங்கியது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1620களில் அதனை இடித்தான். இடித்த கற்களிற் பல கோட்டை கட்டப் பயன்பட்டன. சில கடலில் வீழ்ந்தன. அக்கோட்டையைப் பின்னர் ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்தினர். 1803இல் ஆங்கிலேயர் அதற்குப் பிரெடெரிக் கோட்டை எனப் பெயரிட்டனர். கோட்டை வாயிலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லும் அதன் அருகே தமிழ்ச் சாசனமும் இன்றும் இருக்கின்றன.

கோயில் போயினும் வழிபாடு போகவில்லை என்பது இவ்வரலாற்றில் மிகவும் கருதத்தக்கது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் மலையுச்சியில் ஆலயம் இல்லை. ஆயினும் அர்ச்சகர் ஒருவர் பாறையின் விளிம்பில் நின்று, தீபம் காட்டி, மலரும் தேங்காயும் கடலை நோக்கி இடுவதை 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில எழுத்தாளர்கள் வியப்புடன் குறித்திருக்கிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத கோயிலைக் கடலையே பார்த்து மக்கள் தொழுதனர். ஆதலால் 1956இல் வில்சன் கண்டது வெளியுலகத்துக்குத்தான் கண்டுபிடிப்பு. ஊர் மக்களுக்கு அது தம் மூதாதையர் சொல்லிவந்ததன் சான்று. அதற்கு முன்னரே, 1950இல், நகரில் கிணறு தோண்டும்போது பழைய வெண்கல விக்கிரகங்கள் சில வெளிப்பட்டிருந்தன. ஆலயத்தை மீண்டும் எழுப்பும் முயற்சி அதனால் வலுப்பெற்றது.

இந்தப் பின்னணியில்தான் 'ரன்முத்து தூவ' பிறந்தது. 'ரன்' என்றாற் பொன், 'தூவ' என்றாற் தீவு. 'முத்து' இரு மொழிக்கும் பொது. கடலடியிற் புதையல் தேடும் கதை அது. வில்சன் இயக்கினார், சேஷா பலிஹக்கார தயாரித்தார், கிளார்க்கும் பணம் போட்டார். காமினி பொன்சேகா, ஜோ அபேவிக்கிரம, ஜீவராணி குருகுலசூரிய ஆகியோர் நடித்தனர். இசை அமரதேவ. 1962 ஓகஸ்டில் வெளியான இப்படமே முதல் முழுநீளச் சிங்கள வர்ணப் படம். நீரடிக் காட்சிகளை இந்நாட்டுத் திரைக்கு முதன்முதற் கொண்டுவந்ததும் இதுவே. அக்காட்சிகளைக் காணக் கூட்டங்கூட்டமாக மக்கள் வந்தனர். தீவிலே வாழ்ந்தும் தம்மைச் சூழ்ந்த கடலின் உட்புறத்தை அவர்களிற் பெரும்பாலோர் அதற்கு முன் கண்டதில்லை.

கடலுக்குள் வர்ணப் படம் எடுப்பது எத்துணைக் கடினம் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. 15, 20 அடிக்குக் கீழே சென்றாற் செம்பவளமும் சாம்பல் நிறமாகத் தோன்றும். விளக்கைக் கொண்டுசென்றாலன்றி அதன் நிறம் மீளாது. இயக்குநர் வாய் திறந்து கட்டளையிட முடியாது, எல்லாம் கைச்சைகை. கமராவை நீர் புகாத உறைக்குள் அடைக்க வேண்டும். சுருள் தீர்ந்தாற் கரையேறித்தான் மாற்ற வேண்டும். வெயில் உச்சிக்கு ஏறும் சில மணி நேரமே ஒளி போதும். வாடைக்காற்றுக் காலத்தில் கீழைக் கடல் கலங்கிவிடுமாதலால் ஆண்டிற் பல மாதங்கள் வீணாகும். நடிகர்கள் நடிப்போடு மூச்சு விடும் முறையையும் கவனிக்க வேண்டும்.

படம் வெளிவந்த அடுத்த ஆண்டு, 1963இல், மலைமேல் புதிய கோணேசர் ஆலயத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. கீழே வர்ணத் திரைக்காக ஒரு கற்பனைப் புதையலைத் தேடிய காலத்தில், மேலே மூன்று நூற்றாண்டு வெறுமை நீங்கிக்கொண்டிருந்தது. வில்சன் கடலிலிருந்து மீட்டதாகச் சொல்லப்படும் இலிங்கமொன்று அவ்வாலயத்திலே வணங்கப்படுகிறது. அவரும் பின்னாளில் திரைத்தொழிலைத் துறந்து, கதிர்காமக் கந்தனடியாராகி, சுவாமி சிவகல்கி என்னும் பெயரோடு வாழ்ந்து 1995இல் மறைந்தார். எந்தக் கதாசிரியரும் இப்படி ஒரு முடிவை எழுதத் துணிந்திரார்!

திரைக்கதை போன்ற வேறொரு கதையும் அம்மலையில் உண்டு. உச்சிக்கு அருகே 1687ஆம் ஆண்டு குறித்த தூண் ஒன்று நிற்கிறது. பிரான்சினா வான் ரீட் என்னும் ஒல்லாந்தப் பெண், காதலன் கப்பலேறிப் போகக் கண்டு, அங்கிருந்து கடலிற் குதித்தாள் என்பர். ஆவணங்களை ஆராய்ந்தோர், அவள் பின்னர் மணம் புரிந்து வாழ்ந்தவள் என்கின்றனர். வழிகாட்டிகள் முதற் கதையையே விரும்பிச் சொல்கிறார்கள்.

1983க்குப் பின் நாட்டிலே மூண்ட போர், 2009 வரை திருக்கோணமலையைப் பயணிகளுக்குப் பெரும்பாலும் அடைத்துவைத்தது. துறைமுகமும் கோட்டையும் படையினரின் காவலில் இருந்தன. இன்று கோட்டைக்குள் படைமுகாம் இருப்பினும், வாயிலைக் கடந்து ஆலயத்துக்குச் செல்லத் தடையில்லை. வழியிலே புள்ளிமான்கள் மேய்கின்றன. உச்சியில் இராவணன் வெட்டு எனப்படும் பிளவின் பக்கம் நின்று குனிந்து நோக்கினால், படம் பிடிக்கப்பட்ட கடல் கீழே கருநீலமாகத் தெரியும்.

உள்ளே இறங்கிக் காண விரும்புவோர் சித்திரை முதல் ஆவணி வரையுள்ள காலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் நீர் தெளிந்திருக்கும். சுழியோடப் பயிற்றுவோர் படகில் அழைத்துச் செல்கின்றனர். மலையடியில் இறங்கியதும் முதலில் தெரிவன பெரும் பாறைகளும் மீன் கூட்டங்களுமே. நான்கு நூற்றாண்டுப் பாசியும் சிப்பியும் மூடிய கற்களுள் எது பாறை, எது தூண் என்று பிரித்தறியப் பழகிய கண் வேண்டும்; உடன் வருபவர் கைச்சைகையாற் காட்டுவார்.